உடைசலுக்கு ஒரு டின்

கேள்வி:

எனக்கு வயது 47. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு ஆச்சி ஒருவரிடம் பலகார வேலை கற்றுக்கொண்டேன். அந்த ஆச்சி கண்டிப்பானவர். முறுக்கு கொஞ்சம் சிவந்தால்கூட ‘கூறுகெட்டவளே’ என்பார். இப்போது நானே வீட்டில் தேன்குழல், மனகோலம், அதிரசம், மாவுருண்டை என்று ஆர்டருக்குச் செய்து கொடுக்கிறேன். உதவிக்கு ஒரு பெண் வருகிறாள்.

போன ஆடி மாதம் நான் மாவு அரைக்க மில்லுக்குப் போனேன். கரண்டு போனதால் அரை மணியில் முடிய வேண்டியது ஒன்றே கால் மணி நேரம் ஆகிவிட்டது. பாவம், மில்காரர் என்ன செய்வார். அதற்குள் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு 300 அதிரசம் ஒத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய நாலு இரவும் மாமியாருக்காக விழித்திருந்தேன். பாகு பதம் தவறி, எண்ணெயில் போட்டதெல்லாம் பிரிந்து போயிற்று. பக்கத்து ஊரில் இதே தொழில் செய்யும் ஒரு அக்கா, ‘எனக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆச்சு’ என்று சொல்லித் தன்னிடம் இருந்த ஊறின மாவைத் தூக்கிக் கொடுத்தார். மானம் தப்பியது. ஆனால் கூறுகெட்ட நான் செய்த இந்த இரண்டையும் மறக்கவே முடியவில்லை. விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எப்போதும் அலுப்பு. கோவையில் படிக்கும் மகள், ‘உங்கிட்டயும் கொஞ்சம் அன்பா இரும்மா’ என்கிறாள். என்னை நானே கொஞ்சிக்கொண்டிருந்தால் கை வேலை சுத்தமாக வருமா? அது சுயநலம் இல்லையா? அப்படியே இருப்பதென்றாலும் எப்படி இருப்பது?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சில் இருந்தது. ‘கூறுகெட்ட’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. ஒன்று ஆச்சி சொன்னது. மற்ற ஐந்தும் நீங்கள் உங்களைச் சொல்லிக்கொண்டது. மாமியாரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை. உங்களைக் காக்கவைத்த மில்காரருக்குக்கூட ‘பாவம்’ கிடைத்திருக்கிறது. நாலு இரவு தூங்காமல் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு அந்த ஒரு ‘பாவம்’ கடிதத்தில் எங்கும் கிடைக்கவில்லை.

சுயநலமா என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. இல்லை, அவ்வளவுதான். இன்னொரு கேள்வி இருக்கிறதே, கை வேலை சுத்தமாக வருமா என்று, அதுதான் உண்மையான பயம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது இந்தப் பயம் உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவர், பத்தாம் வகுப்புப் பிள்ளை, தறிக்காரர் எல்லோரும் வேறு வேறு வார்த்தையில் இதையே கேட்கிறார்கள்: ‘திட்டுறதை நிறுத்தினா நான் கெட்டுப் போயிட மாட்டேனா?’

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைனஸ், செரீனா சென் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான ஒரு சொல் தேர்வு வைத்தார்கள். சரியாக எழுத முடியாமல் திணறினார்கள். அப்புறம் ஒரு பிரிவினரிடம், ‘இது கஷ்டமாக இருந்தால் உங்களுக்கு மட்டும் அப்படி இல்லை, உங்களைப் போட்டு வதைத்துக்கொள்ளாதீர்கள்’ என்ற மாதிரி சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், ‘இங்கே இடம் கிடைத்திருக்கிறது என்றால் நீங்கள் கெட்டிக்காரர்தான்’ என்றார்கள். மூன்றாம் பிரிவினரிடம் எதுவும் சொல்லவில்லை. மறு தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் முதல் பிரிவினர். புகழப்பட்டவர்களைவிட, ஒன்றும் சொல்லாமல் விடப்பட்டவர்களைவிட, கனிவான வார்த்தையைக் கேட்டவர்கள் கூடுதலாக உழைத்தார்கள்.

ஏன் அப்படி? உங்கள் அடுப்படியை வைத்தே சொல்கிறேன். தன்னைத் தானே கடுமையாகத் திட்டும்போது, வெளியிலிருந்து ஆபத்து வரும்போது விழித்துக்கொள்ளும் அதே ஏற்பாடு நம் உடலுக்குள் விழித்துக்கொள்கிறது என்கிறார் பிரிட்டனைச் சேர்ந்த பால் கில்பர்ட். கனிவை மையமாக வைத்து ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கியவர் அவர். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது, வயிறு இறுகுகிறது, கவனம் குறுகிப் போகிறது. இப்போது பாகு பதம் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, இன்னும் கொஞ்சம் போகட்டுமா இறக்கலாமா என்று முடிவெடுக்கும் அந்தச் சில விநாடி. பதம் குறைந்தால் எண்ணெயில் பிரியும், கூடினால் கல்லாகும். இதற்குப் பதறாத கை வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று ‘கூறுகெட்டவளே, கூறுகெட்டவளே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பதம் தெரியும்? அந்த ஆளை நீங்கள் உள்ளேயே வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அதிரசம் ஏன் பிரிந்தது? உங்கள் பதில்: நான் கூறுகெட்டவள். சரி, அடுத்த முறை என்ன மாற்றிச் செய்வீர்கள்? இந்தப் பதிலில் அதற்கு ஒரு வழியும் இல்லை. திட்டு என்பது பார்க்கக் கண்டிப்பாகத் தெரிகிறது, உண்மையில் அது சோம்பேறித்தனமான காரணம். அன்றைக்கு வெல்லம் புதுசா? மாவில் ஈரம் கூடிப் போயிருந்ததா? இடித்துத் தூளாக்கிய வெல்லத்துக்குத் தண்ணீர் கூடிவிட்டதா? நாலு ராத்திரி தூங்காத கண்ணோடு பதம் பார்த்ததுதான் காரணமா? மாவு முழுவதையும் ஒரே மூச்சில் போடாமல், ஒரே ஒரு அதிரசத்தை முதலில் போட்டுப் பார்த்தீர்களா? இப்படியெல்லாம் கேட்பதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்த நிதானம் கனிவிலிருந்துதான் வருகிறது. தன்னிடம் கனிவாக இருப்பவர் தவறைக் கூர்ந்து பார்க்கிறார். திட்டுகிறவருக்குத் தவறின் பக்கம் போகவே நேரமில்லை, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குறைதான் அழகு, ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள், கையால் செய்ததால் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. பிரிந்து போன அதிரசம் பிரிந்து போன அதிரசம்தான். அதைக் கல்யாண வீட்டுக்கு அனுப்ப முடியாது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அந்த ஆச்சி திட்டுவார், ஆனால் உடைந்த தேன்குழலை எறிய மாட்டார், அதற்கென்று வீட்டின் உள்பக்கத்து இரண்டாம் கட்டில் ஒரு டின் வைத்திருப்பார், வீட்டுப் பிள்ளைகளும் வேலை செய்கிறவர்களும் சாயங்காலம் அதிலிருந்து எடுத்துத் தின்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பல வருடமாகச் சுற்றி வளைத்துச் சொல்கிறதை அந்த ஆச்சி ஒரு டின்னை வைத்துச் செய்திருக்கிறார். உடைசலை முழுசோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து மறைக்கவில்லை. உடைந்துவிட்டதே என்று மாவு முழுவதையும் குப்பையில் கொட்டவும் இல்லை. இது உடைசல் என்று ஒத்துக்கொண்டார், அதற்கு ஓர் இடம் கொடுத்தார், அடுத்த ஈடு போட்டார்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் ‘தன்மீது கனிவு’ என்பதை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதினார். தன்னிடம் இதமாக நடந்துகொள்வது ஒன்று. இது எனக்கு மட்டும் நடப்பதில்லை, மனிதர்களுக்கு நடப்பது என்று உணர்வது இன்னொன்று. நடந்ததை ஊதிப் பெரிதாக்காமலும் மூடி மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது மூன்றாவது. மூன்றாவது ஆச்சியின் டின்னில் இருக்கிறது. இரண்டாவதைப் பக்கத்து ஊர் அக்கா மாவோடு சேர்த்து உங்கள் கையில் கொடுத்துவிட்டார். மாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

நீங்கள் ஆச்சியிடமிருந்து திட்டை எடுத்துக்கொண்டு டின்னை விட்டுவிட்டீர்கள். பலரும் இப்படித்தான். வளர்த்தவர்கள், கற்றுக்கொடுத்தவர்களின் குரலில் கடுமையான பகுதிதான் முதலில் நெஞ்சில் தங்குகிறது. அது மோசமான எண்ணத்தில் தங்குவதில்லை. ‘இனிமேல் திட்டு வாங்கக் கூடாது’ என்ற பாதுகாப்புக்காகத் தங்குகிறது. ஆகவே அந்தக் குரலோடு சண்டை போட வேண்டாம். இருபது வயதில் அது உங்களைக் காப்பாற்றியிருக்கும். நாற்பத்தேழில் அந்தக் காவல் தேவையில்லை.

சரி, எப்படி? முதல் வேலை பேச்சு. உதவிக்கு வரும் பெண்ணிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கையில் ஒரு ஈடு கருகிப் போனால் என்ன சொல்வீர்கள்? என் ஊகம்: ‘பரவால்ல கண்ணு, அடுப்பைக் குறை, அடுத்த ஈட்டுல பாத்துக்கலாம்.’ இதில் புகழ்ச்சி இல்லை. பரவாயில்லை என்ற ஆறுதல் இருக்கிறது, அடுப்பைக் குறை என்ற திருத்தம் இருக்கிறது, அடுத்த ஈடு என்ற நம்பிக்கை இருக்கிறது. இதே வாக்கியத்தை, இதே தொனியில், உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடமே சொல்லுங்கள். ‘நான்’ என்று பேசாமல் பெயர் சொல்லியோ ‘நீ’ என்றோ தன்னிடம் பேசிக்கொண்டவர்கள் பதற்றமான நேரத்தில் நிதானமாக இருந்ததை ஈதன் கிராஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். இன்னொருவரிடம் பேசும்போது நமக்கு அறிவு கொஞ்சம் கூடிவிடுகிறது போலும். நம் பக்கத்தில் அக்காவையும் ஆச்சி என்கிறோம், மதிப்புக்குரிய பெண்ணையும் ஆச்சி என்கிறோம். ‘கூறுகெட்டவளே’ வரும் இடத்தில் ஒருமுறை ‘என்ன ஆச்சி, என்ன ஆச்சு?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சிரிப்பு வரும். வரட்டும்.

உடனே பழகிவிடும் என்று நினைக்காதீர்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தேன், ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட முதல் வார்த்தையை இங்கே அச்சில் போட முடியாது. இரண்டாவது வார்த்தையை மாற்றிக்கொண்டேன். முதல் வார்த்தை தானாக வருகிறது, அதை நிறுத்த முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. தன்னிடம் இதமாகப் பேச ஆரம்பித்ததும் சிலருக்கு அழுகை பொங்கும், பழைய வலியெல்லாம் மேலே வரும். முறை தப்பாகிவிட்டதோ என்று விட்டுவிடுவார்கள். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிற வளவு வீட்டைத் திறந்தால் முதலில் வருவது வௌவால் நாற்றமும் தூசியும்தானே. அதற்காக மறுபடி பூட்டிவிடுவதில்லை. கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறோம். அதே மாதிரி, தாங்க முடியாவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு வேறு வேலை பாருங்கள். மறுநாள் கொஞ்சம் திறக்கலாம்.

3 மணிக்கு முழிப்பு வரும்போது பேச்சுகூட எடுபடாது. அப்போது வலது கையை நெஞ்சின் மேலும் இடது கையை வயிற்றின் மேலும் வைத்து, சூடு தெரியும்வரை மெதுவாக மூச்சு விடுங்கள். இது குழந்தைத்தனமாகத் தெரியலாம். ஆனால் 2021-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், மன அழுத்தம் தரும் வேலைக்கு முன்னால் இப்படி 20 விநாடி கையை வைத்துக்கொண்டவர்களுக்கு, அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் இப்படி எதுவும் செய்யாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதற்கு யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை தேடுவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த முழிப்பையும் அலுப்பையும் முழுக்க மனசின் தலையில் கட்டிவிட எனக்கு விருப்பமில்லை. 47 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களே தூக்கத்தைக் கெடுக்கும். ரத்தச்சோகை, தைராய்டுக் குறைவு, சர்க்கரை எல்லாமே அலுப்பைத் தரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாமியாரைக் கூட்டிப் போகிற நாளிலேயே உங்களையும் காட்டிக்கொள்ளலாம், இதற்கென்று தனி நாள் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எதிலும் ஈடுபாடில்லாத சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ, ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்கிற மாதிரி எண்ணம் ஒருமுறை வந்தாலோ, கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

இப்போது கிணற்றடிக்கு வருவோம். இது அதிரசத்தைவிடக் கனமானது, ஆனால் ஒரு விதத்தில் எளிமையானது. நீங்கள் மில்லுக்குக் கிளம்பியபோது கரண்டு போகும் என்று தெரியாது. மாமியார் அந்த நேரத்தில் கிணற்றடிக்குப் போவார் என்றும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு நின்ற பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். நானாக இருந்தால் அந்த வழக்கை எடுக்கவே மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆடியிலிருந்து மார்கழிவரை உங்களைத் திட்டியிருக்கிறீர்கள். கிணற்றடிப் பாசியைச் சுரண்டி எடுத்தாயிற்றா? பிடித்து நடக்க ஒரு குழாய் பதித்தாயிற்றா? குளியலறையில் வழுக்காத விரிப்பு போட்டாயிற்றா? கடிதத்தில் இது பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டிக்கொண்டதிலேயே செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கொத்தனாரை ஒருநாள் வரச் சொல்லுங்கள்.

அப்புறம், இதைப் பற்றி மாமியாரிடம் ஒருமுறையாவது பேசினீர்களா? மதியம் வெயில் தாழ்ந்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அன்னைக்கு நான் வீட்டுல இல்லாமப் போயிட்டேன், அத்தை, அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஐந்து மாதமாக அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு வாழ்கிறீர்கள்.

அன்றாடத்தில் வேறென்ன செய்யலாம் என்றால், நான் இரண்டே விஷயம் சொல்வேன். ஒன்று சாப்பாடு. உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் உட்கார வைத்து, இலை போட்டு, வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைக்காமல் விடுவீர்களா? நம் பக்கத்தில் அப்படி விட்டால் ஊரே பேசும். நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள்? மதியம் மூன்று மணிக்கு, நின்றபடி, சட்டியில் ஒட்டியதை வழித்து. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஏதோ பெருமை போல. தினமும் ஒருவேளை, தட்டு வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். பத்து நிமிஷம். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் பழக்கிக்கொள்ளத் தோதான மாதம்.

இரண்டாவது கூலி. விலை எப்படிப் போடுகிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அரிசி, வெல்லம், எண்ணெய், ஏலக்காய், கேஸ், மில் கூலி, பெட்டி, உதவிப் பெண்ணின் சம்பளம், அதற்கு மேல் ‘கொஞ்சம்’. 300 அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இடித்து, பாகு காய்ச்சி, மாவை ஊறவிட்டு, சுட்டு, எண்ணெய் வடித்து, பெட்டி கட்டுகிறவரை உங்கள் கை எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது? அந்தக் கைக்குப் பட்டியலில் ஒரு வரி இல்லை. வட்டிக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதி வைத்த ஊர்க்காரர்கள் நாம். உதவிக்கு வருகிற பெண் ஒரு நாள் சம்பளம் வேண்டாம் என்றால்கூட விட மாட்டீர்கள், கையில் திணிப்பீர்கள்.

தை பிறந்ததும் ஆர்டர் வர ஆரம்பிக்கும். முதல் ஆர்டருக்கு விலை சொல்வதற்கு முன்னால் அந்தப் பட்டியலை எடுத்து, உதவிப் பெண்ணின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை எழுதி, எதிரில் ஒரு தொகை போடுங்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவளுக்குப் போட்டதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.